எந்தக் கரைக்கு எந்த இரை: ஜொகூர் கடலோரத் தூண்டிலும் அதன் உம்பானும்

“என்ன உம்பான் போட்டீங்க, அண்ணே?” ஜொகூர்க் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பவரிடம் பக்கத்தில் வந்து நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். உம்பான் என்றால் மலாயில் இரை. பதில் ஆளுக்கு ஆள் மாறும். தெசாருவில் நிற்பவர் உயிர் இறாலை விட்டால் வேறெதுவும் ஆகாது என்பார். பாசிர் கூடாங் பக்கத்து ஆள் உம்புன்-உம்புன் என்ற சேற்றுப்புழுவைச் சொல்வார். மெர்சிங்கில் கணவாய்த் துண்டு, பொந்தியான் ஆற்றுவாயில் கோழிக்குடல். எல்லாரும் பல காலம் கடலைப் பார்த்தவர்கள், எல்லாரும் சொல்வதும் உண்மை. ஆனால் ஒருவர் தம் கரையில் கண்டதை இன்னொருவர் தம் கரைக்கு எடுத்துப் போகும்போது வெறுங்கையோடு திரும்புகிறார். சிறந்த இரை எது என்று தனியே கேட்பதற்குப் பதில் கிடையாது. எந்த மணலில், எந்தத் தண்ணீரில், எந்த மீனுக்கு என்று சேர்த்துக் கேட்டால் தெளிவான பதில் உண்டு. அந்தப் பதிலைத் தேடிப் போனால், இரை எங்கிருந்து வருகிறது, அந்த இடம் இன்று என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியில் போய் நிற்போம். இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

ஜொகூருக்குக் கடல் மூன்று பக்கம். மேற்கே மூவார், பத்து பகாட், பொந்தியான், கூக்கூப் என நீளும் மலாக்கா நீரிணைக் கரை. அலை குறைவு, சேறு அதிகம், கரையோரம் முழுக்க அலையாத்திக் காடு. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும் இந்தப் பக்கம்தான். பூலாவ் கூக்கூப், சுங்கை பூலாய் ஆகியவற்றோடு சேர்த்து இதுவும் 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் ஜொகூர் நீரிணை: ஆறு, துறைமுகம், தொழிற்சாலை, மீன் வளர்ப்புக் கூண்டு எல்லாம் நெருக்கியடிக்கும் ஒடுங்கிய நீர். கிழக்கே தென்சீனக் கடல். பெங்கேராங் முனையிலிருந்து தெசாரு, தஞ்சோங் பாலாவ், செடிலி, தஞ்சோங் லேமான், மெர்சிங், ஆயர் பாப்பான் என்று பாறை முனைகளுக்கு இடையே வளைந்து வளைந்து கிடக்கும் மணற்கரைகள். அலைக்கு எதிரே நின்று, நீண்ட கம்பால் வீசிப் பிடிக்கிற தூண்டிலுக்கு ஏற்ற இடம் இந்தக் கிழக்குக் கரைதான்.

நம்மவர்கள் இந்தக் கரைக்கு வந்தது பிந்தித்தான். ஜொகூர்த் தமிழரின் வேர் பெரும்பாலும் உள்நாட்டுத் தோட்டங்களில் இருக்கிறது. குளுவாங், லாயாங்-லாயாங், ரெங்கம், கூலாய், உலு திராம், கோத்தா திங்கி என்று ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்கள் அவை. அங்கே தூண்டில் என்றால் மூங்கில் குச்சி, மண்புழு, தோட்டத்து ஓடை. செம்பனைப் பழத்தையே ஊசியில் குத்தி ஆற்றில் ஜெலாவாட்டும் பாத்தினும் பிடித்தவர்கள் உண்டு. மீன் எதைத் தின்கிறதோ அதையே போடு என்ற பாடம் அந்த ஓடையிலேயே படித்ததுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஜொகூர் பாரு என்று நகர்ந்தபோது கடல் பக்கத்தில் வந்தது. 2011இல் 77 கிலோமீட்டர் நீளச் செனாய்–தெசாரு விரைவுச்சாலை முழுதாகத் திறந்தபின் தெசாரு இன்னும் கிட்டே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புளிச்சாதமும் பிளாஸ்க்கில் தேநீருமாகக் குடும்பத்தோடு வந்து, பிள்ளைகள் மணலில் விளையாட, தந்தை ஒரு ஓரத்தில் கம்பு நட்டு நிற்பது இன்று சாதாரணக் காட்சி.

அலை உடையும் இடத்தைப் படித்தல்

இரையைப் பேசுமுன் கரையைப் பேசவேண்டும். மணற்கரையில் கடலடி தட்டையாக இருப்பதில்லை. கரைக்கு இணையாக ஒரு மணல்மேடு, அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம், இப்படித்தான் பெரும்பாலும் அமையும். அலை மேட்டில் மோதி உடைந்து நுரைக்கும், பள்ளத்தின் மேல் அடங்கித் தண்ணீர் சற்றுக் கருமையாகத் தெரியும். அலை கிளறிவிடும் புழு, சிறு நண்டு, மட்டி எல்லாம் உருண்டு சேரும் இடம் அந்தப் பள்ளம். மீனும் அங்கேதான் மேயும். கிழங்கானும் காலாவும் பல நேரம் கரையிலிருந்து 20, 30 மீட்டருக்குள்ளேயே இருக்கும். புதிதாக வருகிறவர் பலத்தையெல்லாம் திரட்டி 100 மீட்டர் தாண்டி வீசுகிறார், மீன் அவர் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றிய இறக்க நேரத்தில் ஒருமுறை வந்து பள்ளம் எங்கே, மேட்டில் வெட்டு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது எந்த விலையுயர்ந்த கம்பையும்விடப் பயன் தரும். அந்த வெட்டு வழியாகத்தான் தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும். அது மீனுக்கு வாசல், நீந்துபவருக்கு ஆபத்து.

கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பு 12 முதல் 14 அடி. ஈயம் 80 முதல் 150 கிராம், அலை கூடினால் மணலைப் பற்றும் கம்பிக்கால் வைத்தது. ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியாகவேண்டும். கனமான ஈயத்தை வேகமாக வீசும்போது மெல்லிய நரம்பு அறுந்தால் ஈயம் குண்டாகப் பறக்கும். நரம்பின் முன்பகுதியில் தடித்த நரம்பு ஒன்றைக் கட்டவேண்டும். ஈயம் 1 அவுன்ஸுக்கு 10 பவுண்டு தாங்குதிறன் என்பது வழக்கமான கணக்கு. 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு நரம்பு. பிள்ளைகள் ஓடியாடும் ஞாயிற்றுக்கிழமைக் கரையில் இதை விட்டுவிட்டு வீசுவது பெருந்தவறு.

இரைகள்

இறாலிலிருந்து தொடங்குவோம். ஜொகூரின் எந்தக் கரையிலும் எந்த மாதத்திலும் எடுபடும் இரை இதுதான். கடலோர மீன்களில் இறால் தின்னாதது அபூர்வம். கொடுவாவுக்கு உயிர் இறால், காலாவுக்கு உயிரோடோ அன்றைக்குச் செத்ததோ, கத்தாளைக்கும் கெளுத்திக்கும் தோலுரித்த துண்டு. இரைக் கடையில் காற்றுக்குமிழி ஓடும் தொட்டியிலிருந்து வலையால் அள்ளித் தரும் உயிர் இறாலைக் குத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்ணாடிபோன்ற தலைக்குள் கருப்பாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் உயிர்நாடி. ஊசியை அதற்கு முன்னால், கொம்புக்குக் கீழே, மேலோட்டை மட்டும் துளைத்து எடுக்கவேண்டும். பொட்டில் பட்டால் இறால் அந்தக் கணமே வெளுத்துச் சாகும். படாமல் குத்தினால் நெடுநேரம் காலை உதைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் நீண்ட கம்பால் ஓங்கி வீசும்போது உயிர் இறால் பாதி வழியிலேயே கழன்று பறந்துவிடும். ஆகவே உயிர் இறால் ஆற்றுவாய்க்கும் பாறை முனைக்கும், கிட்டே மெதுவாகப் போடும் தூண்டிலுக்கும் உரியது. தூர வீச்சுக்குச் செத்த இறாலை வாலிலிருந்து ஊசியில் ஏற்றி, மெல்லிய இழைரப்பரால் சுற்றிக் கட்டவேண்டும். முதல் நாளே உப்பில் புரட்டி வைத்தால் நீர் வடிந்து சதை இறுகி ஊசியில் நிற்கும். வாசம் கொஞ்சம் குறையும் என்றாலும், ஊசியில் இல்லாத புது இறாலைவிட ஊசியில் நிற்கும் உப்பு இறால் மேல்.

அடுத்தது புழு. உம்புன்-உம்புன், சிலாங்கூர்ப் பக்கம் ருவாட், எப்படிச் சொன்னாலும் அலையாத்திச் சேற்றிலும் சேற்றுமணலிலும் வாழும் கடற்புழுக்கள்தான். இரைக் கடையில் ஈரம் காயாமல் பொட்டலம் கட்டித் தருவார்கள். கிழங்கானுக்கு இதற்கு நிகரான இரை கிடையாது. அந்த மீனின் வாய் குழாய்போல நீண்டு மணலுக்குள்ளிருந்து புழுவை உறிஞ்சவே அமைந்தது. 8 அல்லது 10ஆம் எண் நீள்கழுத்து ஊசியில் புழுவை உறைபோல ஏற்றி நுனியில் சற்றே தொங்கவிட்டால் போதும். குறையும் உண்டு. புழு மென்மையானது. நண்டும் பொடிமீனும் நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். ஊசிக்கு மேலே மிதக்கும் மணி ஒன்றைக் கோத்து இரையைத் தரையிலிருந்து விரற்கடை தூக்கி வைப்பது நண்டுக்குத் தப்ப நல்ல வழி.

கணவாய் இரவின் இரை. வெள்ளைச் சதை, தோல்போன்ற உறுதி, எவ்வளவு ஓங்கி வீசினாலும் கழலாது, பொடிமீன் எளிதில் பிய்க்காது. திருக்கை, கெளுத்தி, முனைப்பாறைகளில் களவா ஆகியவை விரும்பும். விரல்நீளப் பட்டையாக வெட்டி, நுனியை இரண்டாகக் கீறி விட்டால் நீரோட்டத்தில் ஆடும். உறையவைத்துப் பல நாள் வைத்திருக்கலாம் என்பதால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடை மூடியபின் புறப்படுகிறவருக்குப் பெரிய துணை.

தம்பான் எனப்படும் சாளை, மடவை போன்ற மீன்களை வெட்டிப் போடுவது திருக்கைக்கும் சிறு சுறாவுக்கும். எண்ணெயும் இரத்தமும் கசிந்து வெகுதூரம் வாசம் போகும். சாளை மிக மென்மை, கட்டாமல் வீசவே முடியாது. மடவை இறுக்கமானது, எனக்கு அதுவே மேல் என்று படுகிறது. சாளை கிடைக்காத நாளில் அதையே பிடிப்பதற்கு இரையில்லாத தூண்டில் ஒன்று உண்டு. ஒரே நரம்பில் பல சிறு ஊசிகள், ஒவ்வொன்றிலும் மினுக்கும் இழை. இங்கே அப்போலோ என்பார்கள். கூட்டமாக ஓடும் மீன் மினுக்கத்தைக் கண்டே பாயும். இலங்கையின் தென்கரையில் கொக்கலை, வெலிகமைப் பக்கம் கடலுக்குள் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து பிடிக்கும் மீனவர்களும் இரையில்லாத வெறும் ஊசியைத்தான் பயன்படுத்தினார்கள். கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு வாசம் வேண்டியதில்லை.

கோழிக்குடல் ஆற்றுவாய்க் கெளுத்திக்கு. மலிவு, நாற்றம் அதிகம், கெளுத்தி விடாது. மேற்குக் கரையின் கலங்கல் சேற்றுநீரில் பலன் தெரியும், கிழக்கின் தெளிந்த மணலில் கிழங்கானுக்கு இதைப் போட்டு நிற்பது வீண்.

செயற்கை இரைகளும் வந்துவிட்டன. ஜப்பானின் மருக்யூ, அமெரிக்காவின் பெர்க்லி போன்ற நிறுவனங்கள் வாசம் ஊட்டிய போலிப்புழுக்களை விற்கின்றன. கெடாது, கையைக் கடிக்காது, கிழங்கான் சில நாள் நன்றாகவே எடுக்கும். புதுப்புழு கையில் இருக்கும்போது அதை மிஞ்சும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேற்றைத் தோண்டாமல் கிடைக்கும் இரை என்ற ஒரு காரணத்துக்காகவே அதை மதிக்கவேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் விற்காத ஒரு வகையும் இருக்கிறது. காலடி மணலில் கிடைப்பது. ரெமிஸ் என்று மலாய்க்காரர்கள் பொறுக்கும் சிறு மட்டியும், அலை வடியும் நேரத்தில் சட்டென்று மணலுக்குள் புதையும் விரல்நுனியளவு நண்டும் அவை. இந்த மணல்நண்டின் உறவினத்தைச் சென்னைக் கடற்கரையில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் டி. சுப்பிரமணியம் நீண்ட காலம் ஆராய்ந்தார். சிறு வயதில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இயல்பு அதற்கு உண்டு என்பது அவர் ஆய்வில் வெளிவந்த செய்தி. நம் கிழக்குக் கரையில் நிற்பவர் அரை மணி நேரம் குனிந்து தேடினால் அன்றைக்கு வேண்டியது கிடைத்துவிடும். பள்ளத்தில் மேயும் மீன் அந்நேரம் தின்றுகொண்டிருப்பதே அதுதான்.

மீன் எப்படிக் கண்டுபிடிக்கிறது

இதற்கெல்லாம் அடியில் உயிரியல் இருக்கிறது. அலை உடையும் நீர் கலங்கியது. அங்கே கண்ணைவிட மூக்கும் நாவும் வேலை செய்யும். இறால், புழு, கணவாய் ஆகியவற்றின் சதையில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களும் பீட்டைன் என்ற பொருளும் மிகுதி. உப்புநீரில் உடலின் நீர்ச்சமன் குலையாமல் காக்க அவை தேவைப்படுகின்றன. மீனைத் தீனிக்குத் தூண்டுவதும் அதே பொருள்கள்தான். 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு மீன், இறால் வகை, சிப்பி–கணவாய் வகை ஆகியவற்றின் சதைகளை இப்படி அலசிப் பார்த்திருக்கிறது. இவை தண்ணீரில் எளிதில் கரைபவை. இரை விழுந்த சில நிமிடங்களில் பெரும்பகுதி கரைந்து போய்விடும், பிறகு தொங்குவது சக்கைதான். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் புது இரை மாற்றச் சொல்லும் பழைய ஆட்களின் பேச்சுக்குப் பின்னே இருக்கும் காரணம் இது. ‘இரை இன்னும் இருக்கே’ என்று மணிக்கணக்கில் விட்டுவைப்பவர் சக்கையோடு காத்திருக்கிறார்.

காலாவைப் பாருங்கள். செனாங்கின் என்று சந்தையில் விற்கும் அந்த மீனுக்கு மார்புத் துடுப்பின் கீழே நான்கு நூல்கள் தனித்துத் தொங்கும். கலங்கல் நீரில் தரையைத் தடவிக்கொண்டே இரை தேடுவதற்கு அவை விரல்கள். புயல் கலக்கிய பழுப்புநீரில் மற்ற மீன்கள் விலகும்போது காலா கரைக்கு வருவது இதனால்தான். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை கிழக்குக் கரையை அடிக்கும். அது தொடங்கும்போதும் ஓயும்போதும் காலாவை எதிர்பார்த்து நிற்பவர்கள் பலர். உச்சகாலத்தில் மட்டும் கரைக்குப் போகவேண்டாம். வானிலைத் துறை கடல் எச்சரிக்கை விடுத்த நாளில் முனைப்பாறையில் ஏறி நிற்பதற்கு எந்த மீனும் ஈடாகாது.

காலாவும் கொடுவாவும் அந்த மணல்நண்டைப் போலவே முதலில் ஆணாக இருந்து பின் பெண்ணாக மாறுபவை. ஆகவே தூண்டிலில் மாட்டும் மிகப் பெரியவை எல்லாம் அநேகமாக முட்டை நிறைக்கும் பெண்கள். பெரியதைப் பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுவது கருணையாக மட்டுமல்ல, கணக்காகவும் சரியானது. பெரியவற்றையே பொறுக்கி எடுத்துக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்குத் தாய் மிஞ்சாது.

ஏற்றவற்றம் பார்க்க நம்மிடம் ஒரு வசதி வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது: திதி காட்டும் தமிழ் நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிது, நீரோட்டம் வலு. அஷ்டமி, நவமி, தசமியில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். மலாய்க்காரர்கள் அதை ஆயர் மாத்தி என்பார்கள். மணற்கரையில் நீர் ஏறத் தொடங்கிய இரண்டு மூன்று மணி நேரம் நல்லது, அதுவும் அந்தி அல்லது விடியலோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. மேற்குக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம் ஏறக்குறையச் சமமாக வரும். கிழக்கில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது, இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாள்காட்டியோடு அந்தந்த இடத்து ஏற்றவற்ற அட்டவணையையும் பார்க்கவேண்டும்.

மாட்டுவதெல்லாம் குழம்புக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பேத்தை மீன் ஜொகூர்க் கரைகளில் ஊசிக்கு அடிக்கடி வரும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. 2023 மார்ச்சில் குளுவாங் பக்கத்தைச் சேர்ந்த வயதான தம்பதியர் பேத்தை உண்டு இறந்தனர். கழுவினேன், கவனமாக வெட்டினேன் என்ற சமாதானமெல்லாம் இதில் செல்லாது, ஊசியைக் கழற்றி விட்டுவிடுவது ஒன்றே வழி. செம்பிலாங் என்ற விலாங்குவால் கெளுத்திக்கும் திருக்கைக்கும் நச்சுமுள் உண்டு. குத்திவிட்டால் காயம்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான, சுமார் 45 டிகிரி நீரில் ஊறவைத்தால் வலி தணியும், ஏனென்றால் அந்த நஞ்சு சூட்டில் சிதைவது. பிறகு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிளாஸ்க்கில் இருக்கும் வெந்நீர் தேநீருக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், ஆனால் கொதிநீரை அப்படியே ஊற்றிவிடவும் கூடாது.

இரை விளையும் நிலம்

இனி நான் முன்பு நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். இறால் குஞ்சு வளர்வது அலையாத்தி வேர்களுக்கு நடுவே. புழு வாழ்வது அந்தச் சேற்றில். கொடுவா சிறுவயதைக் கழிப்பதும் அங்கேதான். தெசாருவின் மணலில் நின்று வீசுகிறவர் கையிலிருக்கும் இரை, பெரும்பாலும் வேறொரு கரையின் சேற்றிலிருந்து வந்தது. அந்தச் சேறு போனால் இந்த மணலில் தூண்டில் வெறுமையாகும்.

புழு தோண்டுவதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. இறக்க நேரத்தில் மண்வெட்டியோடு இறங்கிச் சேற்றைப் புரட்டிப் போட்டுவிட்டு மூடாமல் போவார்கள். புரண்ட சேறு பழைய நிலைக்கு வர நாளாகும், அலையாத்தி வேரும் அறுபடும். மலேசியாவின் மேற்குக் கரையில் பல காலமாக இரையாக விற்கப்பட்டு வந்த ஒரு புழுவை அறிவியல் தனி இனமாக அடையாளம் கண்டு மார்பைசா மொரிபிடியை என்று பெயரிட்டதே 2014இல்தான். நமக்குப் பெயர் தெரியாமலேயே ஓர் உயிரைப் பொட்டலம் பொட்டலமாக விற்றுக்கொண்டிருந்தோம் என்றால், அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று யார் கணக்குப் பார்த்திருக்கப்போகிறார்கள்? இறால் பண்ணைகளும் தாய் இறாலுக்குத் தீனியாகக் கடற்புழுவைக் கேட்கின்றன. தேவை இரட்டிப்பாகிறது. பிரிட்டனில் 1980களிலேயே நார்த்தம்பர்லாந்துக் கரையில் கடற்புழுவைப் பண்ணையில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மீன் வளர்ப்பில் இவ்வளவு அனுபவமுள்ள ஜொகூரில் அது நடக்காததற்கு இயற்கைத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வேலை தேடும் நம் இளைஞர்களுக்கும் அது ஒரு தொழில்.

தோண்டுவதைவிடப் பெரிய அழிவு தூர்ப்பதால் வருகிறது. சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் மெராம்போங் கடற்புல் திட்டு இருக்கிறது. கடற்குதிரைகளும் இறால் குஞ்சுகளும் வளரும் இடம். 2014இல் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புதுநகரத் திட்டத்துக்காக அதன் அருகே கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்து மீனவர்கள் தங்கள் பிடிப்பு குறைந்ததாக முறையிட்டார்கள். கிழக்குக் கரையின் பெங்கேராங்கில் பெட்ரோகெமிக்கல் வளாகத்துக்காக மீனவக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் மூச்சுத் திணறிய அந்தச் செய்தியைப் படித்து நாம் பதறினோம், சரிதான். அந்த ஆறு விழும் நீரில் தோண்டிய புழுவையும் பிடித்த கெளுத்தியையும் நம்மில் எத்தனையோ வீடுகள் அதற்கு முன் உண்டிருக்கின்றன. மாசாய், பாசிர் கூடாங் தமிழர்களுக்குக் காரில்லாமல் போகக்கூடிய கடற்கரை அதுதான். வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கரையை மூடும்போது அதன் சேற்றில் விளைவதையும் சேர்த்து விலை போடவேண்டும் என்கிறேன். இதுவரை போட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் ஒன்றையும் நினைவில் வைக்கவேண்டும். மெர்சிங்குக்கு அப்பால் உள்ள சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கத் தடை. தீவுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு கம்பை மடித்து எடுத்துப்போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. விட்டுவிடவேண்டிய பழக்கம்.

ஆக, கேள்விக்கு என் தீர்ப்பு இது. கிழக்கு மணற்கரைக்கு முதலில் காலடியில் கிடைக்கும் மட்டியும் மணல்நண்டும், அடுத்து அன்றைய இறால், இரவுக்குக் கணவாய். மேற்குச் சேற்றுக்கும் ஆற்றுவாய்க்கும் உயிர் இறாலும் வெட்டுமீனும். புழு கிழங்கானுக்கு மட்டும், அதுவும் அன்றைக்குத் தீரும் அளவு. மீதமாகிக் குப்பைத்தொட்டிக்குப் போகும் பொட்டலம் ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சேற்றின் இழப்பு. பெரிய திருக்கை மாட்டினால் விட்டுவிடுங்கள். அது குட்டி போடும் இனம், ஓர் ஈற்றுக்குச் சிலவே. வளைவூசி பயன்படுத்தினால் மீன் ஊசியை விழுங்குவது குறையும், விடும் மீன் பிழைக்கும். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவாருங்கள். புழு தோண்டினால் குழியை மூடுங்கள். உங்கள் வட்டாரத்தில் கடலைத் தூர்க்கும் திட்டம் ஒன்று வந்து, அதன் சுற்றுச்சூழல் அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், தூண்டில் பிடிப்பவர் என்ற உரிமையோடு போய்ப் படித்து எழுத்தில் கருத்துக் கொடுங்கள். கருத்துக் கேட்கும் காலக்கெடு குறுகியது, தள்ளிப்போடாதீர்கள்.